‘காரணம்’ என்ற கட்டம்

(அம்பத்தூரில் தொழிற்சங்கத் தோழர்களுக்காக நடந்த சட்டப் பயிற்சி வகுப்பில், தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் வீட்டோடு இருக்கக் கிடைக்கிறது. அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேரே இங்கே வந்தவர்களும் சிலர் இருப்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2021 ஜூலையில் ஒரு தம்பி என் அலுவலகத்துக்கு வந்தார். வயது முப்பத்திரண்டு. வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சி.என்.சி. ஆபரேட்டர். கம்பெனியின் பெயரும் அவருடைய பெயரும் இங்கே வேண்டாம். கையில் சார்ஜ் மெமோ வைத்திருந்தார். அனுமதியின்றி 23 நாள் வேலைக்கு வராமல் இருந்தது ஒழுங்கீனம், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். அதோடு அவர் கொடுத்த விடுப்பு விண்ணப்பத்தின் ஜெராக்ஸும் இருந்தது. நீங்கள் எல்லோரும் நிரப்பிப் பழகிய அதே படிவம்தான். பெயர், டோக்கன் எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அப்புறம் ‘காரணம்’ என்று ஒரு சின்னக் கட்டம். நாலு வார்த்தைக்கு மேல் எழுத இடம் கிடையாது. தம்பி அதில் பொடி எழுத்தில் இப்படி எழுதியிருந்தார்: “அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. என்னால் அவருக்குத் தொற்றிவிடக் கூடாது.”

இதை வாங்கிப் படித்த சூப்பர்வைசர், “உனக்குக் கொரோனாவா? உங்க அம்மாவுக்குக் கொரோனாவா? ரெண்டும் இல்லேல்ல? அப்புறம் எதுக்குப்பா லீவு?” என்று கேட்டிருக்கிறார்.

அந்த சூப்பர்வைசரை நான் குறை சொல்லப் போவதில்லை. அவர் கேட்டது சட்டம் கேட்கிற கேள்வி. இன்று நான் பேச வந்ததும் அந்தக் கேள்வியைப் பற்றித்தான். வீட்டில் ஒருவருக்கு நோய் வந்த பிறகு விடுப்புக் கேட்க ஏதோ ஒரு வழி இருக்கிறது. வராமல் காப்பதற்கு விடுப்புக் கேட்டால், அதற்கு எந்த லீவ் ரிஜிஸ்டரிலும் பெயர் இல்லை.

அந்த வீட்டை நான் போய்ப் பார்த்தேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. ஒரு கூடம், ஒரு சமையலறை. அம்மாவுக்குத் திங்கள், வியாழன் இரண்டு நாளும் டயாலிசிஸ். காலையில் போனால் மிஷினில் நாலு மணி நேரம். முடிந்து வரும்போது அவரால் நிற்கக்கூட முடியாது. இரண்டு மாடியும் தம்பிதான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், இறங்க வேண்டும். அப்போது அம்மாவின் தலை அவர் தோளில் சாய்ந்திருக்கும். ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று போனில் ரிங்டோனுக்கு முன்னால் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்ததே, நினைவிருக்கிறதா? அந்த வீட்டில் ஆறடிக்கு எங்கே போவது? ஏப்ரல் முழுவதும் அவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் படுத்துக்கொண்டார். ஷிப்ட் முடிந்து வந்ததும் கீழேயே குளித்து, துணியை வாளியில் முக்கிவிட்டுத்தான் மேலே ஏறினார். மே மாதம் அவர் ஷாப்பில் அடுத்தடுத்த மிஷின்காரர்கள் படுக்க ஆரம்பித்தார்கள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர் இறந்துபோனார். மறுநாள்தான் இந்த விண்ணப்பத்தை எழுதினார்.

தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கலாமே என்று இன்று கேட்பது சுலபம். தேதிகளைப் பாருங்கள். 2021 மார்ச் 1 முதல் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நாற்பத்தைந்தைத் தாண்டிய நோயுள்ளவர்களுக்கும். ஏப்ரல் 1 முதல் நாற்பத்தைந்து வயதான எல்லோருக்கும். பதினெட்டு முதல் நாற்பத்து நாலு வரை உள்ளவர்களுக்கு, அதாவது ஷாப் ப்ளோரில் நிற்கிற பெரும்பாலோருக்கு, மே 1 முதல்தான் திறந்தார்கள். அப்போதும் ஊசி கிடைக்கவில்லை. கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளலாம் என்று அரசு சொன்னது ஜூலை 2ஆம் தேதி. பன்னிரண்டு முதல் பதினாலு வயது வரை உள்ள பிள்ளைகள் 2022 மார்ச் வரை காத்திருந்தார்கள். அந்த மே மாதத்தில், வீட்டில் நோயாளித் தாயையோ கர்ப்பிணி மனைவியையோ வைத்திருந்த தொழிலாளியிடம் இருந்த ஒரே கேடயம் வேலைக்குப் போகாமல் இருப்பதுதான்.

சரி, சட்டம் அவருக்கு என்ன கொடுத்தது?

அன்று அமலில் இருந்தது தொழிற்சாலைகள் சட்டம், 1948. ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால், அடுத்த வருஷம் இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு. இதைத்தான் இ.எல். என்கிறோம். ஆனால் அதைப் பதினைந்து நாள் முன்னதாகக் கேட்க வேண்டியிருந்தது. நோய்க்காலத்துக்கு மட்டும் அந்தக் கெடு தளர்த்தப்பட்டிருந்தது. தொற்று பரவுகிற ஊரில் யாரால் பதினைந்து நாள் முன்கூட்டி எழுதிக் கொடுக்க முடியும்? தம்பிக்கு ஒன்பது நாள் இ.எல். பாக்கி இருந்தது. கெடுவுக்குள் கேட்கவில்லை என்று அதையும் மறுத்திருந்தார்கள்.

கடை, நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் இருக்கிறது. சம்பளத்தோடு பன்னிரண்டு நாள் வருடாந்தர விடுப்பு, பன்னிரண்டு நாள் நோய் விடுப்பு, பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு. நோய் விடுப்பு யாருக்கென்றால், ஊழியர் தமக்கே வந்த நோய்க்கோ தமக்கே நேர்ந்த விபத்துக்கோதான். தற்செயல் விடுப்பு மட்டும் நியாயமான எந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். 1947இல் எழுதப்பட்ட இந்த ஒரு வரியில்தான் அம்மாவுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு நாள் எந்த மூலைக்கு?

தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்கு வாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் இருக்கிறார்கள். நோய்வாய்ப்பட்டால் வருஷத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். தொழிலாளியின் சொந்த உடம்புக்கு. ஆனால் அவரைச் சார்ந்திருக்கும் தாய்க்கும் அங்கே வைத்தியம் உண்டு. தம்பியின் ஈ.எஸ்.ஐ. அட்டையை வாங்கிப் பார்த்தேன். குடும்பப் படத்தில் அம்மா நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அந்த அட்டையைக் காட்டித்தான் டயாலிசிஸ் நடக்கிறது. வைத்தியம் செய்கிறபோது சட்டத்துக்கு அந்த அம்மாவைத் தெரிகிறது. மகன் லீவு கேட்கிறபோது தெரியவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

இன்னொரு பிரிவு, அதிகம் பேருக்குத் தெரியாதது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி 41-எச் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்சினால், தொழிலாளி அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம் என்றது அது. நிர்வாகம் உடனே பரிகாரம் செய்ய வேண்டும் என்றது. நல்ல பிரிவுதான். ஆனால் ஆபத்தான செய்முறை உள்ள ஆலைகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஆபத்து என்று அது சொன்னதும் ஆலைக்குள் நிற்பவரின் உயிருக்கு வரும் ஆபத்தை. தொழிலாளி அதைச் சட்டையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார் என்பதைச் சட்டம் நினைத்துப் பார்க்கவில்லை.

பெருந்தொற்றுக்கென்று அரசு ஒன்றுமே செய்யவில்லையா என்றால், செய்தது. 2020 மார்ச் 29ஆம் தேதி, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை போட்டது. ஊரடங்கில் மூடிக் கிடக்கும் காலத்துக்கும் பிடித்தம் இல்லாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றது. மே 17ஆம் தேதி ஆணையோடு, 18 முதல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த ஊரடங்கின் 54 நாள் சம்பளம் பற்றிய வழக்கில் ஜூன் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம், முதலாளிகள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. பி.எஃப்.பில் முன்பணம் எடுக்க வழி திறந்தார்கள். மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது கணக்கில் இருப்பதில் முக்கால் பங்கு, எது குறைவோ அது. பலர் அந்தப் பணத்தில்தான் அம்மாவையும் அப்பாவையும் காத்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். முதுமைக்கென்று சேர்த்த அவர்கள் காசு அது.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே 2020இல் வந்த ஊரடங்கு வழிகாட்டு நெறிகளில், அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள், வேறு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். சரியான அறிவுரை. ஆனால் வீட்டில் இருக்கச் சொல்லப்பட்ட ஒரு பாட்டி அங்கே யாரோடு இருக்கிறார்? காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போய், ஐந்நூறு பேரோடு கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு, மாலையில் அதே கூடத்துக்குத் திரும்பி வரும் பேரனோடு. பாட்டியை வெளியே வரக்கூடாது என்று சொன்ன ஆணை, பேரன் போய்வருவதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூன் 7ஆம் தேதி பணியாளர் துறை ஒரு குறிப்பாணை கொடுத்தது. உடனிருக்கும் பெற்றோருக்கோ சார்ந்திருக்கும் குடும்பத்தாருக்கோ தொற்று உறுதியானால் பதினைந்து நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு. அதற்குப் பிறகும் அவர்கள் மருத்துவமனையில் இருந்தால், வீடு திரும்பும் வரை கணக்கில் உள்ள வேறு விடுப்பை எடுக்கலாம். இதை நான் மனதார வரவேற்கிறேன். இந்த நாட்டில் ஊழியரின் உடம்பைத் தாண்டி அவர் வீட்டுக் கட்டிலையும் எட்டிப் பார்த்த ஆணை அது. ஆனாலும் அங்கேயும் தொற்று உறுதியாக வேண்டும், சான்று வேண்டும். தம்பியின் அம்மாவுக்குத் தொற்று உறுதியாகியிருந்தால் அந்தப் பதினைந்து நாளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருப்பார் என்று சொல்ல என் வாய் கூசுகிறது.

நோய் வந்த பிறகு பார்த்துக்கொள்வதற்கும் வராமல் காப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்ட வெளிநாட்டுச் சட்டம் ஒன்று உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி அமெரிக்காவில் கையெழுத்தானது. ஏப்ரல் 1 முதல் அந்த ஆண்டு முடியும் வரை அமலில் இருந்தது. தனிமைப்படுத்தலில் இருக்கச் சொல்லப்பட்ட ஒருவரைப் பார்த்துக்கொள்ள இரண்டு வாரம் விடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு சம்பளம், நாளுக்கு 200 டாலர் வரை. அதில் முக்கியமான விஷயம், அந்த ஒருவருக்கு நோய் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. தொற்றினால் இவர் தாங்க மாட்டார், ஒதுங்கி இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாலும் போதும். ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகளை அந்தச் சட்டம் தொடவில்லை, அது பெரிய ஓட்டை. ஆனாலும் டயாலிசிஸ் அம்மாவை அது பார்த்துவிட்டது.

பிரிட்டனில் சம்பளத்தின் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுன் வரை, அரசே கொடுத்த திட்டம் இருந்தது. பாதுகாப்பாக ஒதுங்கி இருக்கும் ஒருவரோடு வீட்டில் இருக்க வேண்டிய ஊழியரையும் அதில் சேர்க்கலாம் என்றார்கள். சேர்ப்பதும் சேர்க்காததும் முதலாளியின் விருப்பம், ஊழியர் உரிமையாகக் கேட்க முடியாது. ஜெர்மனியில் குடும்பத்தாரைப் பராமரிக்கத் திடீரென எடுக்கும் பத்து நாள் விடுப்பைப் பெருந்தொற்றின்போது இருபது நாளாக்கினார்கள். ஜப்பானில் பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே, பராமரிப்பு தேவைப்படும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் 93 நாள் விடுப்பு உண்டு, 67 சதவீதப் படியோடு. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981லேயே 156ஆம் உடன்படிக்கையை எழுதி வைத்துவிட்டது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை.

இங்கே, முதல் அலை உச்சத்தில் இருந்த அதே 2020 செப்டம்பரில், நாடாளுமன்றம் மூன்று தொழிலாளர் சட்டத்தொகுப்புகளை நிறைவேற்றியது. விடுப்புக்கான 240 நாளை 180 நாளாகக் குறைத்தார்கள், அது நல்லது. ஆனால் குடும்பத்தில் ஒருவரைக் காக்க ஒரு நாள் விடுப்பு என்றுகூட அதில் இல்லை. ஆலையின் வேலை விதிகளான நிலையாணைகள் பொருந்துவதற்கான தொழிலாளர் எண்ணிக்கையை 100 பேரிலிருந்து 300 பேருக்கு உயர்த்தினார்கள். எல்லோர் வீட்டிலும் இருமல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த மாதத்தில் எழுதப்பட்ட சட்டத்தில் அந்த இருமல் பதிவாகவில்லையே என்பது என் தீராத வருத்தம்.

என் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு நுரையீரல் அடைப்பு நோய். இரவில் நெபுலைசர் இல்லாமல் தூங்க மாட்டார். 2020, 21 இரண்டு வருஷமும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் காணொலியில் நடந்தன. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டோடு உள்ளறையில் உட்கார்ந்து வாதாடினேன். யாரிடமும் லீவு கேட்கவில்லை. அப்பா இன்றைக்கும் இருக்கிறார். அவரைக் காத்தது என் தொழிலின் வாகு. லேத்தில் நிற்பவர், தையல் மிஷினில் உட்காருபவர், பஸ் ஓட்டுபவர் யாருக்கும் அந்த வாகு இல்லை. வீட்டு வேலை செய்யும் அம்மாக்களைப் பற்றி என்ன சொல்ல? அவர்களுக்கு ரிஜிஸ்டரே கிடையாது. வேலைக்கு வந்தால் தொற்றைக் கொண்டுவருவாய் என்றார்கள், வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்களுடைய நிலையைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

2021 மே மாதம் ஒரகடத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். முழு ஊரடங்கு. ஆனாலும் வாகன ஆலைகளுக்கு விலக்கு. ரெனோ நிசான் ஆலைத் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். அந்த மாதக் கடைசியில் இரண்டு ஆலையும் சில நாள் மூடப்பட்டன. உள்ளே தங்கள் உயிருக்காக மட்டும் அவர்கள் பயப்படவில்லை. தனி ஆளாக விண்ணப்பத்தில் எழுதிக் கேட்டால் கிடைக்காததை அவர்கள் சேர்ந்து கேட்டார்கள்.

தம்பியின் வழக்குக்கு வருகிறேன். அன்றைய மத்திய மாதிரி நிலையாணைகளின்படி, பத்து நாளுக்கு மேல் அனுமதியின்றி வராமல் இருப்பது ஒழுங்கீனம். 23 நாள் என்றால் வேலையே போகலாம். உள்விசாரணையில் நாங்கள் பிடித்துக்கொண்டது 2012இல் உச்ச நீதிமன்றம் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் சொன்ன தீர்ப்பு. வராமல் இருந்தார் என்பது மட்டும் போதாது, வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று காட்ட வேண்டும். தவிர்க்க முடியாத காரணத்தால் வர இயலாமல் போனால் அது வேண்டுமென்றே செய்ததாகாது என்பது அதன் சாரம். அது அரசு ஊழியர் ஒருவரின் வழக்கு. ஆனாலும் நமக்கு உதவியது. அதைவிட அதிகம் உதவியது அந்த ஜெராக்ஸ். காரணத்தை மறைக்காமல் முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கிறார். டயாலிசிஸ் யூனிட் டாக்டரின் கடிதம் இருக்கிறது. வாரா வாரம் எச்.ஆருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பியிருக்கிறார். விசாரணை நடந்துகொண்டிருந்தபோது கூட வேலை பார்த்த ஒருவர் அவரிடம், “காய்ச்சல்னு எழுதிட்டுப் போயிருந்தா ஒரு பிரச்னையும் வந்திருக்காதே” என்றாராம். அதற்குத் தம்பி, “எனக்குக் காய்ச்சல் இல்லையேண்ணே” என்று சொல்லியிருக்கிறார்.

முடிவில் எச்சரிக்கையோடு வேலை மிஞ்சியது. ஒன்பது நாளை இ.எல்.லில் கழித்தார்கள். மிச்சம் பதினாலு நாள் லாஸ் ஆஃப் பே. வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையை எழுதியவருக்குப் பதினாலு நாள் சம்பளம் போனது.

இப்போது உங்களால் செய்ய முடிந்த வேலைக்கு வருகிறேன். சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சங்கமும் நிர்வாகமும் போடுகிற ஊதிய ஒப்பந்தத்தில், சட்டம் கொடுப்பதற்கு மேல் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். திருமண முன்பணம், கேன்டீன் மானியம் என்று கோரிக்கைப் பட்டியலில் நாற்பது அம்சம் எழுதுகிறோமே, அதில் இதையும் ஓர் அம்சமாக எழுதுங்கள். அரசு பெருந்தொற்று என்று அறிவித்த காலத்தில், தொற்றினால் தாங்க மாட்டார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஒருவர் வீட்டில் இருந்தால், இத்தனை நாள் சம்பளத்தோடு விடுப்பு. அதற்கு மேல் வேலை போகாத விடுப்பு. முடிந்த இடத்தில் ஆள் நெருக்கம் குறைந்த ஷிப்டுக்கு மாற்றம். இந்த நாட்களை ஒழுங்கீனக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நாலே வரி. எத்தனை நாள் என்பதைப் பேரத்தில் விட்டுக்கொடுங்கள். கடைசி வரியை மட்டும் விடாதீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு சங்கத்துக்கு இந்த அம்சத்தை எழுதிக் கொடுத்தேன். வீட்டில் இருப்பவர் என்பதற்கு ‘பெற்றோர், கணவன் அல்லது மனைவி, குழந்தைகள்’ என்று விளக்கம் போட்டிருந்தேன். பொதுக்குழுவில் படித்துக் காட்டியபோது, பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்கா எழுந்தார். “சார், எங்க வீட்ல இருக்கறது என் பெரியம்மா. அவங்களுக்குன்னு பிள்ளை இல்ல. ஹார்ட் ஆபரேஷன் பண்ணினவங்க. அவங்கள நீங்க எழுதலையே” என்றார். பின்னால் இருந்து இன்னொருவர், “எங்க தாத்தா சார்” என்றார். ஒரு பையன் அண்ணன் மகளைச் சொன்னான். அவளுக்கு ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கிறது, பெற்றவர்கள் ஊரில் இருக்கிறார்கள். நான் எழுதியிருந்த பட்டியலை அங்கேயே பேனாவால் அடித்துவிட்டு, ‘தொழிலாளியோடு ஒரே வீட்டில் வசிக்கும் எவரும்’ என்று எழுதினேன். நிர்வாகத்திடம் போன கோரிக்கைப் பட்டியலில் அந்த வரி அப்படியே இருக்கிறது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.